பி.டி. டீச்சர் பதில்கள்: ஷைனி வில்சனும் 800 மீட்டரும்

போன இதழ்ல பள்ளி விளையாட்டு விழா பத்தி எழுதும்போது நடுவுல ஷைனி வில்சன் பேரை ஒரு வரில சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த லெட்டர், வாட்ஸ்ஆப் மெசேஜ் எல்லாத்துலயும் முக்கால்வாசி அவங்களைப் பத்தியும் 800 மீட்டரைப் பத்தியும்தான். எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா நானும் காலேஜ் வரைக்கும் 800 ஓடினவதான், முப்பது வருஷத்துக்கு மேல இந்த நீலகிரி மலைல பொண்ணுங்களுக்கு அதைத்தான் சொல்லிக் குடுத்தேன். அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே.

கே: டீச்சர், எங்க வீட்ல பி.டி. உஷா பேரு எல்லாருக்கும் தெரியும். என் பொண்ணு எட்டாவது படிக்கிறா, ஸ்கூல்ல 800 ஓடுறா. ஷைனி வில்சன் யாரும்மான்னு கேக்குறா, எனக்கு சொல்லத் தெரியல. (ஒரு அம்மா, கோத்தகிரி)

ப: பொண்ணைப் பக்கத்துல உக்கார வச்சு இதைப் படிச்சுக் காட்டுங்கம்மா. ஷைனி 1965ல பொறந்தவங்க, கேரளாவுல இடுக்கி மாவட்டம் தொடுபுழா. கல்யாணத்துக்கு முன்னாடி ஷைனி ஆபிரகாம். உஷா காலத்துலயே ஓடினதால அவங்க பேரு எப்பவுமே ரெண்டாவதாத்தான் வந்துச்சு, ஆனா 800 மீட்டர்னு வந்துட்டா அந்தக் காலத்துல இந்தியால அவங்கதான்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல 800 மீட்டர் செமி ஃபைனலுக்குப் போனாங்க, வயசு 19. ஒலிம்பிக்ஸ்ல செமி ஃபைனல் வரைக்கும் போன முதல் இந்தியப் பெண் அவங்கதான், இதை நிறைய பேரு மறந்துட்டாங்க. அதே ஒலிம்பிக்ஸ்ல உஷா, வல்சம்மா, வந்தனா ராவ் கூட சேந்து 4x400 ரிலேல ஃபைனலுக்கும் போனாங்க, ஏழாவது இடம். அடுத்த வருஷம் ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப், உஷா அஞ்சு தங்கம் வாங்கின மீட்டுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்த மீட்ல 800 மீட்டர் தங்கம் ஷைனியோடது.

1988ல நீச்சல் வீரர் வில்சன் செரியனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. குழந்தை பொறந்துச்சு. அந்தக் காலத்துல ஊர் என்ன சொல்லியிருக்கும்னு உங்களுக்கே தெரியும், போதும்மா, ஓடினது போதும், வேலை இருக்கு, குடும்பம் இருக்குன்னுதான் சொல்லியிருக்கும். ஆனா அவங்க நிறுத்தல. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் திறப்பு விழால இந்தியக் கொடியைப் புடிச்சுட்டு முன்னாடி நடந்தது அவங்கதான், ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்குக் கொடி புடிச்ச முதல் பெண்.

இதுக்கெல்லாம் அப்புறம்தான் பெரிய ஓட்டம் வருது. 1995 டிசம்பர்ல நம்ம சென்னைல தெற்காசியப் போட்டி நடந்துச்சு. அதுல 800 மீட்டரை 1 நிமிஷம் 59.85 செகண்ட்ல முடிச்சாங்க. ரெண்டு நிமிஷத்துக்குள்ள 800 ஓடின முதல் இந்தியப் பெண். அப்ப வயசு 30, வீட்ல குழந்தை இருக்கு. 19 வயசுல ஒலிம்பிக் செமி ஃபைனல் ஓடின பொண்ணோட பெஸ்ட் டைம் 11 வருஷம் கழிச்சு வந்திருக்கு, இதை ஒவ்வொரு அப்பா அம்மாவும் கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாக்கணும்னு நான் கையெடுத்துக் கேட்டுக்குறேன். நம்ம ஊர்ல பிளஸ் டூ முடிஞ்சதும் ஸ்பைக்ஸைப் பரண்மேல போட்டுடுறோம், 18 வயசுல ஒரு பொண்ணு ஓடுற டைம் அவளோட கடைசி டைம்னு நாமளே முடிவு பண்ணிடுறோம். அந்த சென்னை நியூஸை பேப்பர்ல இருந்து வெட்டி ஸ்போர்ட்ஸ் ரூம் பீரோ கதவுல ஒட்டி வச்சிருந்தேன், ரிட்டயர் ஆகுற வரைக்கும் அது அங்கதான் இருந்துச்சு, ஏதாவது ஒரு அப்பா வந்து பொண்ணை நிறுத்தப்போறேன்னு சொன்னா முதல்ல அதைத்தான் காட்டுவேன்.

1984, 88, 92, 96னு நாலு ஒலிம்பிக்ஸுக்குப் போயிருக்காங்க. அர்ஜுனா விருது, 1998ல பத்மஸ்ரீ. சென்னைல ஃபுட் கார்ப்பரேஷன்ல அதிகாரியா வேலை பாத்தாங்க, அதனால நம்ம ஊர்க்காரங்கன்னே சொல்லிக்கலாம்.

கே: மேம், 1986 சியோல் ஆசியாட்ல (ஆசிய விளையாட்டுப் போட்டில) ஷைனி முன்னாடி ஓடியும் டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்கன்னு எங்க சீனியர் சொன்னாங்க. லேன் மாறினதுக்கா இவ்ளோ பெரிய தண்டனை? (கல்லூரி மாணவி, குன்னூர்)

ப: ஆமாம்மா, உண்மைதான். 800 மீட்டர்ல முதல் வளைவு முடியுற வரைக்கும் அவங்கவங்க லேன்லயே ஓடணும். வளைவு முடிஞ்சு நேர் ரோடு மாதிரி வருமே, அங்க டிராக்குக்குக் குறுக்கால லேசா வளைஞ்ச ஒரு கோடு இருக்கும், அதுதான் பிரேக் லைன். அதைத் தாண்டினப்புறம்தான் உள்லேனுக்கு வரலாம். சியோல்ல ஷைனி நல்ல லீட்ல இருந்தாங்க, அந்தக் கோடு வர்றதுக்கு முன்னாடியே உள்ள வந்துட்டாங்க. தங்கம் போச்சு. ஆனா அதே ஆசியாட்ல 400 மீட்டர்ல உஷாவுக்கு அடுத்து வெள்ளி வாங்கினாங்க, 4x400 ரிலேல தங்கம் வாங்கினாங்க, இதையும் உன் சீனியர்கிட்ட சொல்லு.

தண்டனை பெருசான்னு கேட்டா, விதி சரிதான். லேன் 1ல இருக்கிறவ ஓடுற தூரமும் லேன் 8ல இருக்கிறவ ஓடுற தூரமும் சமமா வரணும்னுதான் ஸ்டார்ட்டிங்கையே படிப்படியா தள்ளித் தள்ளி வைக்கிறாங்க. ஒருத்தி சீக்கிரமே உள்ள வந்தா அவ கொஞ்சம் கம்மியா ஓடுறா, கணக்கு கெட்டுப்போகும்.

நம்ம மலைல இதுல ஒரு பிரச்சினை இருக்கு. மண் கிரவுண்ட்ல சுண்ணாம்புக் கோடு போட்டு முடிக்கிறதுக்குள்ள சாரல் வந்து அழிச்சிடும். பசங்க பிரேக் லைனையே பாக்காம ஸோனல் மீட் வரைக்கும் ஓடிட்டு, டிஸ்ட்ரிக்ட்ல சிந்தெடிக் டிராக்ல போய் மாட்டிக்குறாங்க. அதனால பிராக்டிஸ்லயே அந்த இடத்துல ரெண்டு பக்கமும் ஒரு கொடியோ செங்கல்லோ வச்சுப் பழக்கணும். இன்னொண்ணு, கோட்டைத் தாண்டின உடனே சடக்குன்னு உள்ள வெட்டக்கூடாது. அடுத்த வளைவோட ஆரம்பத்தைக் கண்ணால புடிச்சுக்கிட்டு நேர்கோட்டுல சாஞ்சு போகணும், தூரமும் மிச்சம், யார் காலையும் மிதிக்க மாட்டோம்.

கே: பெண்கள் 800 மீட்டர் ஓடவே கூடாதுன்னு ஒலிம்பிக்ஸ்ல தடுத்து வச்சிருந்தாங்களாமே? (வாசகர், வெலிங்டன்)

ப: தடுத்துத்தான் வச்சிருந்தாங்க. 1928 ஆம்ஸ்டர்டாம்ல முதல் தடவை பெண்கள் 800 மீட்டர் நடந்துச்சு, ஜெர்மனிக்காரங்க லீனா ராட்கே 2 நிமிஷம் 16.8 செகண்ட்ல ஜெயிச்சாங்க. ஓடி முடிச்சு சில பேரு தரையில சாஞ்சதை வச்சு பத்திரிகைகள்ல இது பெண்களுக்கு ஆகாதுன்னு எழுதித் தள்ளினாங்க, அதோட ஒலிம்பிக்ஸ்ல இருந்து எடுத்துட்டாங்க. திரும்ப வந்தது 1960 ரோம்ல. 32 வருஷம்! 800 முழு மூச்சுல ஓடினா யாரா இருந்தாலும் சாயத்தான் செய்வாங்க, ஆம்பளைங்க சாஞ்சப்ப யாரும் அப்படி எழுதல. 1500 மீட்டர் இன்னும் லேட், 1972 மியூனிக்லதான் சேத்தாங்க. ஷைனி லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஓடினப்ப இந்த ஓட்டம் திரும்ப வந்து 24 வருஷம்தான் ஆகியிருந்துச்சு.

கே: ஊட்டி உயரத்துல பொறந்து வளந்த பிள்ளைங்களுக்கு இயல்பாவே மூச்சு அதிகம்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் டீச்சர் நம்ம மாவட்டத்துல இருந்து ஒரு ஷைனி வரல? (வாசகர், அரவங்காடு)

ப: நல்ல கேள்வி அண்ணா, நான் பல வருஷம் என்னையே கேட்டுக்கிட்ட கேள்வி.

ஊட்டி உயரம் 2,240 மீட்டர். மெக்சிகோ சிட்டியும் அதே 2,240 மீட்டர்தான்! 1968 ஒலிம்பிக்ஸ் அங்க நடந்தப்ப உலகம் பூரா இதைத்தான் பேசுச்சு. 100, 200, 400, லாங் ஜம்ப்ல எல்லாம் ரெக்கார்டு மேல ரெக்கார்டு, ஏன்னா காத்து லேசா இருக்கிறதால உடம்பைத் தடுக்குறது கம்மி. ஆனா 10,000 மீட்டர் ஆண்கள் ஓட்டம் 29 நிமிஷத்தைத் தாண்டிப்போச்சு, ஜெயிச்சவருக்கே 29:27.4. கீழ் ஊர்ல இருந்து வந்தவங்களால மூச்சு புடிக்க முடியல. மலைநாட்டுக்காரங்களுக்கு அது சாதகமா இருந்துச்சு, கென்யாவோட கிப் கெய்னோ 1500 மீட்டரை 3:34.9ல ஜெயிச்சார்.

இந்த உயரத்துல காத்துல ஆக்சிஜன் சதவீதம் குறையுறதில்ல, எல்லா இடத்துலயும் 21 சதவீதம்தான். குறையுறது காத்தோட அழுத்தம், கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலதான் இங்க. அதனால ஒவ்வொரு மூச்சுலயும் கம்மியாத்தான் கிடைக்கும். உடம்பு அதுக்கு ஈடு கட்ட ரத்தத்துல சிவப்பணுவைக் கூட்டும். அதுதான் மலைக்காரங்களுக்கு லாபம்.

ஆனா இதே உயரத்துல ஒரு நஷ்டமும் இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. 800 மீட்டருக்கு மூச்சு மட்டும் போதாது, வேகமும் வேணும். ஷைனியோட 1:59.85ங்கிறது சராசரியா ஒரு லேப்புக்கு ஒரு நிமிஷம். அந்த வேகத்துல 300 மீட்டர், 400 மீட்டர்னு திரும்பத் திரும்ப ஓடிப் பழகணும்னா இந்த மெல்லிசு காத்துல முடியாது, ரெண்டாவது தடவையிலயே கால் கட்டிக்கும். அதனாலதான் உலகத்துல இப்ப உசரத்துல தங்கு, வேகப் பயிற்சிக்குக் கீழ இறங்குன்னு சொல்றாங்க. நமக்கு அதுக்கு ஏத்த இடம் வேற யாருக்கு இருக்கு சொல்லுங்க? கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், காலைல முதல் பஸ்ஸுல இறங்கினா சமவெளிக் காத்து. வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் வேகமா ஓடவிட்டு மதியம் திரும்பக் கொண்டு வந்துடலாம். பஸ் காசு யார் குடுக்குறதுன்னுதான் ஒவ்வொரு வருஷமும் வந்து நிக்கும்.

நம்ம ஊர் அருமை வெளியூர்க்காரங்களுக்குத் தெரியும். லலிதா பாபர், ஓ.பி. ஜெய்ஷா மாதிரி ஓட்டக்காரங்களோட நேஷனல் கேம்ப்பே ஊட்டில நடந்திருக்கு. எச்.ஏ.டி.பி. கிரவுண்ட்ல இப்ப சிந்தெடிக் டிராக்கும் இருக்கு. பிள்ளைங்க இல்லாம இல்ல. ஹட்டியில (படுகர் கிராமத்துல) இருந்து ஸ்கூலுக்கு ஏத்தமும் இறக்கமுமா தினம் நடந்து வர்ற பொண்ணுங்களோட காலைப் பாத்திருக்கேன், அந்தக் காலுக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்ல. 17, 18 வயசுல நிறுத்திடுறோம், அவ்ளோதான் காரணம். கென்யாவுல இட்டென்னு ஒரு மலை ஊர், கிட்டத்தட்ட 2,400 மீட்டர், அங்க 25 வயசுப் பொண்ணு ரோட்ல ஓடினா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. இங்க கல்யாணம் ஆகாத 22 வயசுப் பொண்ணு டிராக் பேண்ட் போட்டுக்கிட்டு ஓடினா மூணு தெருவுக்குச் செய்தி போயிடுது. உயரம் ரெண்டு ஊர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

கே: என் மக பத்தாவது படிக்கிறா, 800 ஓடுறா. ரெண்டு மாசமா முதல் லேப் நல்லா ஓடிட்டு ரெண்டாவது லேப்ல அப்படியே சுருண்டு போறா, எப்பப் பாத்தாலும் அசதின்னு சொல்றா. சோம்பேறித்தனமான்னு தெரியல. (எஸ்டேட் தொழிலாளி, மஞ்சூர்)

ப: சோம்பேறித்தனம்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா, தயவு செஞ்சு. முதல்ல ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஹீமோகுளோபின் பாப்பாங்க. இந்த வயசுப் பொண்ணுக்கு 12க்குக் கீழ இருந்தா அது ரத்தசோகை. முடிஞ்சா டாக்டர்கிட்ட ஃபெரிட்டின் டெஸ்ட்டும் கேளுங்க, அது உடம்புல இருப்பு வச்சிருக்கிற இரும்புச்சத்து எவ்ளோன்னு காட்டும், ஹீமோகுளோபின் சரியா இருந்தும் இருப்பு காலியா இருக்கலாம், ஓடுற பொண்ணுங்களுக்கு இது சகஜம். மாசாமாசம் ரத்தம் போகுது, வளர்ற வயசு, ஓட்டம் வேற, அதுக்கு மேல இந்த உயரத்துல உடம்பு சிவப்பணுவைக் கூட்டணும்னா அதுக்கும் இரும்பு வேணும். இத்தனை பக்கம் செலவு இருக்கு.

இப்ப நம்ம ஊர் விஷயம் ஒண்ணு. காலைல டீ, டிபனோட டீ, சாப்பிட்டு முடிச்ச கையோட டீ. தேயிலை நமக்கு சோறு போடுது, நான் அதைக் குறை சொல்லல, ஆனா சாப்பாட்டோட டீ குடிச்சா சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது, குறிப்பா கீரை, பருப்பு, தானியத்துல இருக்கிறதை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிச்சுக் குடிக்கட்டும். சாப்பாட்டோட எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேத்துக்குங்க, அது இரும்பு உடம்புல சேர உதவும். முருங்கைக்கீரை, பருப்பு, கறி சாப்பிடுறவங்கன்னா ஈரல். ஸ்கூல்ல வாரா வாரம் குடுக்கிற நீலக் கலர் இரும்புச்சத்து மாத்திரையை நிறைய பிள்ளைங்க வயித்தைப் பிரட்டுதுன்னு பாக்கெட்ல போட்டுட்டு வந்துடுறாங்க, அதையும் கேட்டுப் பாருங்க.

இன்னொரு விஷயத்தைத் தனியா கூப்பிட்டுக் கேளுங்க. மாதவிலக்கு ஒழுங்கா வருதா? மூணு மாசம் வராம இருந்தா ஓடுறவளுக்கு அது சகஜம்னு விட்டுடக்கூடாது. ஓடுற அளவுக்குச் சாப்பிடலைன்னா உடம்பு முதல்ல அதைத்தான் நிறுத்தும், அப்புறம் எலும்பு பலம் குறையும், முழங்காலுக்குக் கீழ முன்னெலும்புல விரிசல் விடும். அப்படி ஒரு பொண்ணு ஒரு சீசன் முழுக்கக் கட்டு போட்டுக்கிட்டு கிரவுண்ட் ஓரத்துல உக்காந்திருந்ததைப் பாத்திருக்கேன், அவளுக்குத் தேவைப்பட்டது ரெண்டு தோசை கூட. டாக்டர் சொல்ற வரைக்கும் வேகப் பயிற்சி வேண்டாம், மெதுவா ஓடட்டும், நல்லா தூங்கட்டும்.

கே: ஷைனியோட ரெக்கார்டை யாராவது முறியடிச்சாங்களா? (மாணவன், கேத்தி)

ப: டின்டு லூக்கா, 2010ல குரோஷியாவுல ஸ்பிளிட்ங்கிற ஊர்ல, 1:59.17. கிட்டத்தட்ட 15 வருஷம் நின்ன ரெக்கார்டு. டின்டுவும் கேரளாதான், கோச் யாருன்னா பி.டி. உஷா!

கே: நம்ம தமிழ்நாட்டு சாந்தி பத்தி எழுதுவீங்களா டீச்சர்? எங்க தெருவுல ஒரு பொண்ணு நல்லா ஓடுவா, ஆம்பளை மாதிரி இருக்கான்னு பசங்க கிண்டல் பண்ணி இப்ப கிரவுண்டுக்கே வர்றதில்ல. (வாசகி, கூடலூர்)

ப: கண்டிப்பா எழுதுறேன்மா. சாந்தி சௌந்தரராஜன், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. 2005 இஞ்சியோன் ஆசிய சாம்பியன்ஷிப்ல 800 மீட்டர் வெள்ளி. 2006 டிசம்பர் தோஹா ஆசியாட்ல 2:03.16ல ஓடி மறுபடி வெள்ளி. சில நாள்லயே பாலினச் சோதனைல தேறலைன்னு சொல்லி அந்த மெடலை எடுத்துட்டாங்க. ஒரு கிராமத்துப் பொண்ணோட உடம்பைப் பத்தின சேதி, அவங்களுக்கே சரியா விளங்குறதுக்கு முன்னாடி டிவில வந்துச்சு. அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. அவங்க எந்த மாத்திரையும் போட்டு ஏமாத்தல, பொறந்த உடம்போட ஓடினாங்க.

அப்புறம் செங்கல் சூளைல வேலை பாத்தாங்க. அதோட முடிஞ்சு போயிருக்கலாம், ஆனா அவங்க கோச்சிங் டிப்ளமா படிச்சு முடிச்சு, தமிழ்நாடு ஸ்போர்ட்ஸ் டெவலப்மென்ட் அத்தாரிட்டில கோச் ஆனாங்க. ஓடுற பிள்ளைங்களை வளத்து விடுறாங்க. சாந்தியோட ஓட்ட வாழ்க்கைன்னு எழுதுறவங்க தோஹாவோட நிறுத்திடுறாங்க, அது நியாயம் இல்ல, கோச்சா இருக்கிற காலமும் அதே வாழ்க்கைதான்.

விதி பல தடவை மாறிடுச்சு. தென்னாப்பிரிக்காவோட 800 மீட்டர் ஓட்டக்காரி கேஸ்டர் செமன்யா இந்த மாதிரி விதியை எதிர்த்துப் போட்ட கேஸ் வருஷக்கணக்கா கோர்ட்ல நடந்துச்சு, 2025 செப்டம்பர்ல இருந்து உலகப் போட்டிகள்ல பெண்கள் பிரிவுல ஓட ஒரு தடவை ஜீன் டெஸ்ட் எடுக்கணும்னு கொண்டு வந்துட்டாங்க. போட்டி நியாயமா இருக்கணும்னு கேக்குற பொண்ணுங்க பக்கமும் பேச்சு இருக்கு, அதை நான் தள்ளல. ஆனா எந்த விதியா இருந்தாலும், அந்தப் பொண்ணுகிட்ட அவளோட பாஷைல, அவளுக்கு நம்பிக்கையான ஒரு ஆளை வச்சு, கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லணும். ரிசல்ட் டிவிக்குப் போகக்கூடாது. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

உங்க தெருப் பொண்ணுக்கு வர்றேன். நெஞ்சு தட்டையா, தோள் அகலமா, தொடை கெட்டியா இருக்கிறது ஓடுற உடம்போட லட்சணம், அதை வச்சு யாரும் எதையும் முடிவு பண்ண முடியாது. ஸ்கூல் மீட்ல அவளை யாரும் எந்த டெஸ்ட்டும் கேக்கப் போறதில்ல. நாளைக்குக் காலைல நீங்களே அவ வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு கிரவுண்டுக்கு வாங்க, கிண்டல் பண்ற பசங்களோட பி.டி. சார்கிட்ட பேசுங்க. அவ கூட இன்னொரு பொண்ணையும் சேத்து ஓட வைங்க, தனியா ஓடுறப்பதான் கிண்டல் ஜாஸ்தியா வரும்.

கே: அக்கா, எனக்கு 28 வயசு. ஸ்டேட் மீட்ல 800 ஓடினவ. கல்யாணம் ஆகி ரெண்டு வயசுல பையன் இருக்கான். திரும்ப ஓடணும்னு ஆசையா இருக்கு, வீட்ல சிரிக்கிறாங்க. இனிமே முடியுமா? (வாசகி, ஊட்டி)

ப: முடியும் தங்கச்சி. உன் லெட்டரைப் படிச்சதுல இருந்து உன் நினைப்புத்தான் எனக்கு.

ஷைனி கதையை மேல எழுதிட்டேன். இன்னும் சில பேரைச் சொல்றேன், வீட்ல காட்டு. 1998 பாங்காக் ஆசியாட்ல ஜோதிர்மயி சிக்தர் 800, 1500 ரெண்டுலயும் தங்கம் வாங்கினப்ப வயசு 29, அப்புறம் எம்.பி. கூட ஆனாங்க. கே.எம். பீனாமோள் 2002 புசான் ஆசியாட்ல 800ல தங்கம், 400ல வெள்ளி, வயசு 27. இங்கிலாந்தோட கெல்லி ஹோம்ஸ் ஆர்மில லாரி ஓட்டி, அப்புறம் அங்கயே பி.டி. இன்ஸ்ட்ரக்டரா இருந்து, காயம் மேல காயம் பட்டு, கடைசில 2004 ஏதென்ஸ்ல 800, 1500 ரெண்டு தங்கம் வாங்கினப்ப 34. கென்யாவோட ஃபெய்த் கிப்யெகான் 2018ல பொண்ணைப் பெத்தாங்க, அதுக்கப்புறம் டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக்ஸ்ல 1500 தங்கம், 2025ல 3:48.68னு உலக ரெக்கார்டு. 800ல பாதிக்கு மேல மூச்சோட வேலை, அந்த மூச்சு வருஷக்கணக்கா ஓடி ஓடி வளர்றது, இருபதுகளோட கடைசில அது இன்னும் நல்லா இருக்கும்.

உன் பையனுக்கு ரெண்டு வயசு ஆச்சு, அதனால பிரசவத்துக்கு அப்புறம் மூணு மாசமாவது ஓடாம இருக்கணும்ங்கிற கட்டத்தை நீ தாண்டிட்ட. ஆனா ஓடும்போது, குதிக்கும்போது, தும்மும்போது சிறுநீர் கசியுதான்னு பாரு. கசிஞ்சா வெக்கப்படாம பிசியோதெரபிஸ்ட்டைப் பாரு, அடிவயித்துத் தசைக்குப் பயிற்சி இருக்கு, சரியாகிடும். இதை யாருமே பொண்ணுங்ககிட்ட சொல்றதில்ல, அவங்களும் பேசாம ஓட்டத்தை விட்டுடுறாங்க.

முதல் ரெண்டு மாசம் ஸ்பைக்ஸைத் தொடாத. ரெண்டு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, அரை மணி நேரம், வாரத்துக்கு நாலு நாள். இறக்கத்துல ஓடாத, நம்ம ஊர் இறக்கம் முழங்காலைத் தின்னுடும், ஏத்தத்துல ஓடிட்டு நடந்து இறங்கு. மூணாவது மாசம் டிராக்குக்குப் போய் 200 மீட்டர் சுலபமா நாலஞ்சு ஓடிப் பாரு. பழைய டைமோட ஒப்பிட்டுப் பாக்காத, இந்த வருஷத்துக்குன்னு புது நோட்டு போடு. ரெண்டாவது லேப்தான் உனக்குப் பழகணும். மாசச் சம்பளத்தை முதல் வாரத்துலயே செலவு பண்ணிட்டு மிச்ச நாளை ஓட்டுற மாதிரி நம்ம பொண்ணுங்க எல்லாரும் முதல் 300 மீட்டர்லயே எல்லாத்தையும் கொட்டிடுவாங்க, நீ அப்படி இல்லாம முதல் லேப் முடியும்போது பக்கத்துல இருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை பேச முடியணும்.

வீட்டுக்காரர்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு. அவர் காலைல ஒரு மணி நேரம் பையனைப் பாத்துக்கிட்டாப் போதும். இந்தப் பக்கத்தை அவர்கிட்ட நீட்டி, டீச்சர் கேட்டாங்கன்னு சொல்லு. அப்புறம் 35 வயசுக்கு மேல மாஸ்டர்ஸ்னு தனி மீட்டே இருக்கு, அஞ்சு அஞ்சு வயசா பிரிச்சு நடத்துறாங்க, 60, 70 வயசு அம்மாங்க எல்லாம் 800 ஓடுறாங்க. உனக்கு நேரம் இருக்கு.

கே: விடியக்காலைல ரோட்ல ஓடலாமா? காட்டெருமை பயமா இருக்கு. (மாணவி, குன்னூர்)

ப: வெளிச்சம் வந்தப்புறம் ஓடும்மா. டீ எஸ்டேட் நடுவுல தனியா வேண்டவே வேண்டாம், காட்டெருமை மட்டும் இல்ல, கரடியும் இருக்கு. காதுல ஹெட்ஃபோன் கூடாது. காட்டெருமை ரோட்ல நின்னா கத்தாத, கல் எறியாத, மெதுவா பின்னாடியே வந்து வேற வழில போ, அன்னைக்கு ஒர்க் அவுட் கெட்டாலும் பரவால்ல. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்துல புல்லு வழுக்கும், வெயில் வந்து ஈரம் காஞ்சப்புறம் ஆரம்பி, வார்ம் அப்பை ரெண்டு மடங்கு பண்ணு.

கே: என் பொண்ணுக்கு 14 வயசு. 800ஆ 1500ஆ, எதை எடுக்கறதுன்னு தெரியல. (அப்பா, கொடைக்கானல்)

ப: இப்பவே ஒண்ணை முடிவு பண்ண வேண்டாம் சார். 16 வயசு வரைக்கும் ரெண்டும் ஓடட்டும், மழைக்காலத்துல டிராக் சேறா கிடக்கும்போது கிராஸ் கன்ட்ரி ஓடட்டும். உங்க ஊர்ல ஏரியைச் சுத்தி ஒரு ரவுண்டு கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், பெருசா ஏத்தம் இறக்கம் இல்லாத இடம், டூரிஸ்ட் வண்டி வர்றதுக்கு முன்னாடி வாரத்துக்கு ஒரு நாள் மெதுவா ஓடினாப் போதும், வேகமா வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை 400ம் 1500ம் டைம் எடுங்க, ஒரே நாள்ல வேண்டாம், ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டு. 400ல கூடப் படிக்கிற பொண்ணுங்களை சுலபமா முந்துறா, 1500ல கடைசில திணறுறான்னா 800 பக்கம் சாயலாம். 400ல பின்தங்கி 1500ல கடைசி லேப்ல ஒவ்வொருத்தரா புடிக்கிறான்னா 1500தான். ஒரு வருஷ டைம் சேந்ததும் எனக்கு அனுப்புங்க, கூடவே கிரவுண்டு மண்ணா சிந்தெடிக்கா, அன்னைக்கு மழை இருந்துச்சா, உயரம் எவ்ளோ வளந்திருக்கான்னும் எழுதுங்க, பாத்துட்டு அடுத்து என்ன பண்ணலாம்னு சொல்றேன்.